காந்தத்துக்கும் சுவருக்கும் நடுவே

டிசம்பர் மூன்றாவது வாரத்தோடு ஆய்வுக்கூடம் காலியாகிவிட்டது. மாண்ட்ரியலிலிருந்து வந்திருந்த குழுக்காரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். மாணவர்கள் அவரவர் பண்ணைகளுக்குப் போய்விட்டார்கள். "லீவுக்கு நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம் இர்வின் தீசன் "தங்கச்சி வீட்டுக்கு" என்று சொல்லி வைத்தார். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. தங்கை இருப்பது பராகுவேயில். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். அவளைப் பார்க்க அவர் கடைசியாகப் போனது எப்போது என்று யோசித்தால் அவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

சஸ்கட்டூன் நகரத்தின் விளிம்பில், ஆறு திரும்புகிற இடத்தில், மண்ணைத் தோண்டிக் கட்டிய கூடம் அது. இர்வின் அங்கே காந்தக்காரர். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கூடத்தின் நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்து நின்ற பெரிய காந்தம் அவர் வரைந்தது.

அதன் வேலை இதுதான். எலெக்ட்ரான் கற்றை ஒரு மெல்லிய தகட்டில் மோதும். அங்கிருந்து சிதறி வருகிற துகள்கள் காந்தத்தின் இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே, ஒரு கை நுழைகிற இடைவெளியில் புகுந்து வளைந்து போகும். வேகம் கூடியது கொஞ்சமாக வளையும், வேகம் குறைந்தது அதிகமாக வளையும். ஒரே வேகத்தில் வருபவை எந்தக் கோணத்தில் கிளம்பியிருந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்த்து வைப்பது காந்தத்தின் விளிம்பு. அதை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் அந்தச் சாய்வே ஒரு கண்ணாடி வில்லை போல வேலை செய்யும். சரியான சாய்வு எது என்று கண்டுபிடிப்பதில் இர்வினின் நடுவயது முழுக்கக் கழிந்திருந்தது.

நவம்பரில் மாணவர்கள் காந்தப்புலத்தை அளந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. இரும்பு முடிகிற இடத்தில் புலம் வெட்டினாற்போல் நின்றுவிடாது, கொஞ்சம் வெளியே வழியும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் துகள் வெளியேறுகிற விளிம்பில் அது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வழிந்திருந்தது. அப்படியானால் இரும்பில் வெட்டிய சாய்வு ஒன்று, துகள் உணரப்போகிற சாய்வு வேறொன்று. எல்லாம் ஒரு புள்ளியில் சேர்வதற்குப் பதிலாக மங்கலாகப் பரவும்.

மாண்ட்ரியலில் இருந்த குழுத் தலைவி பாலெட் ஆர்காண்டுக்கு இர்வின் தொலைபேசினார்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்க முடியாதா?" என்றாள் பாலெட்.

"சுத்தி இருக்கிற இரும்பு அத்தனையையும் போட்டு எடுக்க மாசக்கணக்குல ஆகும். கம்பி கட்டிப் பாத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடும்."

"கம்பியா? அதெல்லாம் இப்ப யாருக்கு வரும், இர்வின்?"

"எல்மருக்கு வரும்."

"அவர் வருவாரா?" என்றாள் பாலெட்.

"கேட்டுப் பாக்குறேன்."

எல்மர் கல்மக்காஃபும் இர்வினும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் முதுகோடு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் இர்வினுக்கு எல்மர் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. எல்மரின் மனைவி வெர்னா வைக்கிற முட்டைக்கோஸ் போர்ஷ் சூப், பாலாடையும் சோம்புக்கீரையும் மிதக்க மேஜைக்கு வரும். மிச்சம் இருந்தால் ஒரு ஜாடியில் ஊற்றி அவருடைய காரில் வைத்து அனுப்புவாள். வாரம் முழுவதும் இர்வின் அடுப்பு பற்றவைக்காமல் இருந்தாலும் அந்த ஒரு நாளில் குடும்பஸ்தனாக இருந்தார்.

எல்மரின் வேலை நியூட்ரான். அதைப் பிடிக்கிற, ஆளுயரத்துக்கு நீண்ட பிளாஸ்டிக் பட்டைகள், கறுப்புத் துணி சுற்றி, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே மெருகேற்றி வைத்திருந்தார். மேற்குச் சுவரோரம் அவை நிற்பதற்கு இடம் ஒதுக்கியிருந்தது. முதல் திட்டப்படி இரண்டு சிறிய காந்தங்கள். சுவரோரம் காலியாக இருக்கும். பிறகு இர்வின் வேறு கணக்குப் போட்டார். ஒரே பெரிய காந்தமாக வைத்தால் இரண்டு மடங்கு துகள்களைப் பிடிக்கலாம். ஆனால் அதன் இரும்பு மேற்குச் சுவர் வரைக்கும் நெருங்கி நிற்கும், எல்மரின் பட்டைகளுக்கு இடமிருக்காது. கூட்டத்தில் அந்த வரைபடத்தை விரித்தார். எல்லோரும் கேள்வி கேட்டார்கள், எல்மர் மட்டும் கேட்கவில்லை. பெரிய காந்தம் தீர்மானமானது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் "எத்தனை மணிக்கு வர்றே?" என்று வழக்கமாக வருகிற தொலைபேசி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. நடைபாதையில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொண்டார்கள். எல்மர் மேல்மாடியில் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டார். மறுவருடம் ஓய்வும் வாங்கிக்கொண்டார். பிரிவு விருந்தில் கேக்கை நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தபோது இர்வினுக்கும் ஒரு துண்டு கொடுத்தார், அவ்வளவுதான்.

இப்போது இர்வின் எண்ணைச் சுழற்றினார். எண் விரலுக்கே தெரிந்திருந்தது.

வெர்னா எடுத்தாள்.

"வெர்னா, நான் இர்வின் பேசறேன்."

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"யாராவது செத்துட்டாங்களோன்னு நினைச்சேன். இத்தனை நாளைக்கு அப்புறம் மணியடிச்சா வேற என்ன நினைக்கிறது?"

"எல்மர் இருக்காரா?"

"கீழ நிலவறையில சாமானை உருட்டிக்கிட்டிருக்காரு. என்னன்னு சொல்லட்டும்?"

"கம்பி கட்டணும்னு சொல்லுங்க."

வெர்னா சிரித்துவிட்டாள். "கம்பி கட்டணுமாம். நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை இல்ல. எல்மர், இங்க வாங்க, உங்க ஆளு."

படியேறி வருகிற மூச்சு கேட்டது. எல்மர் வணக்கமெல்லாம் சொல்லவில்லை. "எந்தக் காந்தம்?"

"பெருசு."

"வெற்றிடப் பெட்டிய உள்ள ஏத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இடைவெளி திறந்துதான் கிடக்கு."

"காலையில வர்றேன். கப்பி இருக்கா, இல்ல அதையும் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்கு."

மறுநாள் காலை நல்ல குளிர். எல்மர் காரை நிறுத்தி, எஞ்சின் உறையாமலிருக்க மின்கம்பியைச் சொருகிவிட்டு, தன் காப்பியைத் தானே கொண்டு வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். காந்தத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அது முழுசாக நிற்பதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையுறையைக் கழற்றி அதன் பக்கவாட்டு இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "எந்த முனை எனக்கு?" என்றார்.

"நீ கப்பிப் பக்கம் நில்லு. நான் கற்றை மோதற தகட்டுப் பக்கம்."

காந்தத்துக்குள் ஒரு மெல்லிய செப்புக் கம்பியை விட்டு, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கப்பிமேல் போட்டு எடை தொங்கவிட்டு, கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால், ஒரு துகள் போகிற பாதை எதுவோ அதே வளைவில் கம்பி அந்தரத்தில் நிற்கும். எடையைக் கூட்டினால் வேகமான துகள், குறைத்தால் மெதுவான துகள். கணக்கும் தேவையில்லை, கம்ப்யூட்டரும் தேவையில்லை. ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்த முனையில் கோணத்தை மாற்ற வேண்டும், மற்றவர் அந்த முனையில் கம்பி எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவில் நூறு டன் இரும்பு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

சுருளில் மின்சாரம் ஏறியது. தொய்ந்து கிடந்த கம்பி எழும்பி, நடுங்கி, வளைந்து நின்றது.

"நிக்குதா?" என்றார் இர்வின்.

"ஆடுது. பொறு. ம், இப்ப நிக்குது."

"படிச்சுச் சொல்லு."

எல்மர் எண்ணைச் சொன்னார். இர்வின் கோணத்தை ஒரு இம்மி நகர்த்தினார். மறுபடி எண். அப்படியே மதியம் வரைக்கும் போனது. பேச்சு முழுவதும் 'இடது', 'வலது', 'இன்னும் கொஞ்சம்', 'போதும்'. ஆனாலும் பழைய தாளம் தானாக வந்துவிட்டது. இர்வின் கேட்பதற்கு முன்பே எல்மர் எடையை மாற்றினார். எல்மர் சொல்வதற்கு முன்பே இர்வின் கையை எடுத்தார். இரும்புக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் வர வர, தான் எத்தனை நாளாக ஒரு மனிதக் குரலைக் காதுகொடுத்துக் கேட்காமல் இருந்தோம் என்பது இர்வினுக்கு உறைத்தது.

மதியத்துக்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. கம்பி காட்டிய பாதைகள் சேர்கிற இடம் ஒரு பக்கமாக விலகிப் பின்னால் போயிருந்தது. துகள்களைப் பதிவு செய்கிற கருவிகளை மூடிவைக்கிற, நகர்த்தக்கூடிய அறை காந்தத்தை ஒட்டி நின்றது. எல்மர் அதன் கதவுச் சட்டத்தை விரல் முட்டியால் தட்டினார். அது கணீரென்றது.

"இந்தச் சனியன்தான் இழுக்குது. இரும்பு."

"நான் வரைஞ்சப்ப அது கான்கிரீட்டுதான்."

"யாரு மாத்துனது?"

"மாண்ட்ரியல்காரங்க. மெல்லிசா இருக்கும், இடம் மிச்சமாகும்னு."

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"இல்ல. வந்து நின்னப்பதான் பாத்தேன்."

எல்மர் அவரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு காப்பி மூடியைத் திருகி மூடினார். "விளிம்புக்கு முன்னாடி தடிமனா ஒரு இரும்புத் தகடு நிறுத்து. வெளிய வழியறத அது உறிஞ்சிக்கும். அறையக் கொஞ்சம் பின்னால தள்ளு."

"அதேதான் நானும் நினைச்சேன். தகடு வந்ததும் இன்னொரு தடவை கம்பி கட்டிப் பாக்கணும். பிப்ரவரி வாக்குல. நீ வருவியா?"

"பிப்ரவரின்னா வர்றேன். மார்ச்சுல நாங்க கிளம்பறோம்."

"எங்க?"

"கிராண்ட் ஃபோர்க்ஸ், மேற்க மலைக்குள்ள. வெர்னாவோட அக்கா வீட்டுக்குப் பக்கத்துல. இங்க வீட்ட வித்தாச்சு."

இர்வினுக்கு வாயில் வந்தது இதுதான்: "மலைப்பக்கம் பனி கம்மி."

"ஆமாம்," என்றார் எல்மர். வாசலில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டவர், "கிறிஸ்துமஸுக்கு என்ன பண்றே? தங்கச்சி வீடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறியாமே. அவ பராகுவேயில இல்ல இருக்கா?" என்றார்.

"வேலை கிடக்கு."

எல்மர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை.

அந்த விடுமுறை முழுவதும் இர்வின் வரைபலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. இரும்புத் தகடு நிற்கும் இடத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். அவர் மனதில் ஓடியது வேறு. கருவி அறை பின்னால் போனால், அதைக் கொஞ்சம் திருப்பியும் வைக்கலாம். திருப்பி வைத்தால் தண்ணீர்க் குழாய்களை மேலே ஏற்றலாம். துகள்களைக் குவித்து அனுப்புவதற்காக முன்னால் இருக்கிற சிறிய காந்தத்தை, கற்றை மோதுகிற தகட்டுப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினால், பெரிய காந்தத்தை அதற்கேற்றாற்போல் ஒரு இம்மி சுழற்றலாம். ஒவ்வொன்றாக நகர்த்த நகர்த்த மேற்குச் சுவரோரம் ஒரு சந்து திறந்தது. அழித்து அழித்து வரைந்ததில் காகிதம் தேய்ந்து போனது. கடைசியில் எல்மரின் பட்டைகள் வரிசையாக நிற்பதற்கு இடம் கிடைத்துவிட்டது. நெருக்கம்தான், ஆனால் நிற்கும்.

இடம் இருந்தால் எல்மர் இருப்பார் என்று அவர் நினைத்தார். வீடு விற்றாலென்ன, ஊரில் வேறு வீடு இல்லையா? அப்படி நினைத்தபோது, பல மாதங்களாக மூடிக்கிடந்த அறையில் யாரோ விளக்குப் போட்டது போல இருந்தது அவருக்கு. ஜனவரி முதல் திங்களன்று பாலெட்டிடம் பேசினார். "இடம் இருந்தா எனக்கென்ன ஆட்சேபணை? நல்லதுதானே," என்றாள் அவள். உடனே கூடத்துக்குப் போய், மண்டியிட்டு, தரையில் சிவப்பு டேப் ஒட்டினார். சுவரோரம் நீளமாக ஒரு செவ்வகம். முழங்கால் வலித்தது. பிறகு எல்மரை அழைத்தார்.

எல்மர் வந்து பார்த்தார். செவ்வகத்துக்குள் கால் வைத்து, சுவருக்கும் காந்தத்துக்கும் நடுவே கைகளை விரித்து அளந்தார். கற்றை மோதுகிற தகட்டுப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு நியூட்ரான் எதிலும் முட்டாமல் வந்து சேருமா என்று பார்க்கிறார் என்பது இர்வினுக்குத் தெரியும்.

"சின்னதை முன்னால தள்ளினியா?"

"ஒரு சாண்."

"குழாய்?"

"மேல போகுது."

"சரியாத்தான் இருக்கு," என்றார் எல்மர். "நல்லா பண்ணியிருக்கே. பாலெட்கிட்ட கேட்டியா?"

"கேட்டுட்டேன். அவங்களுக்குச் சம்மதம். நீ சரின்னு சொன்னா..."

எல்மர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாதது இர்வினைப் பயமுறுத்தியது.

"இந்தத் தடவையும் என்கிட்ட கடைசியாத்தான் வந்திருக்கே, இர்வின்."

இர்வினுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார் எல்மர், டேப்புக்குள் நின்றபடியே. "எங்க வீட்டு மேஜையில உக்காந்து ரெண்டு தட்டு போர்ஷ் குடிச்சே. என் பட்டைங்களுக்கு எத்தனை வயர் இழுக்கணும்னு நான் பேசிக்கிட்டே இருந்தேன், நீ தலையாட்டிக்கிட்டே இருந்தே. வெர்னா உன் கார்ல ஜாடிய வைக்கப் போனா. பின் சீட்டுல வரைபடக் குழாய் கிடந்திருக்கு. உள்ள வந்து, 'இர்வின் என்னமோ புதுசா வரைஞ்சிருக்காரு போல, உங்ககிட்ட காட்டலையா?'ன்னு கேட்டா. அப்படி இருந்தா காட்டியிருப்பானேன்னு நான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல அத மேஜை மேல விரிச்சே."

"சொன்னா நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு..."

"சொல்லியிருப்பேன்தான். சாயங்காலம் வரைக்கும் கத்தியிருப்பேன். வெர்னா ரெண்டு பேரையும் வெளிய துரத்தியிருப்பா. அப்புறம் கூட்டத்துல உனக்காக நானே எழுந்து பேசியிருப்பேன். பெரிய காந்தம்தான் சரின்னு எனக்குத் தெரியாதா?"

இர்வின் தரையில் பிரிந்து நின்ற டேப் முனையை ஷூவால் அழுத்தினார்.

"இப்ப வச்சிக்கலாம்," என்றார் இர்வின். "இடம் இருக்கு."

"பட்டைங்க இல்லையே. போன இலையுதிர் காலத்துலயே தெற்க ஒரு காலேஜுக்குக் குடுத்துட்டேன். சின்னப் பசங்க, ஆசையா வந்து லாரியில ஏத்திட்டுப் போனாங்க." எல்மர் டேப்பைத் தாண்டி வெளியே வந்தார். இர்வினின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "இந்த டேப்ப எடுத்துடு. கிரேன்காரன் பாத்தா எவனோ செத்த இடம்னு நினைச்சுக்கப் போறான்."

எல்மர் சொன்னபடி பிப்ரவரியில் வந்தார். இரும்புத் தகட்டை நிறுத்தி, கருவி அறையைத் தள்ளி, இருவரும் மறுபடி கம்பி கட்டினார்கள். இந்தத் தடவை கம்பி காட்டிய பாதைகள் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன. எல்மர் கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு எடையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

மார்ச்சில் சாமான் ஏற்றுகிற நாளன்று இர்வின் போனார். யாரும் கூப்பிடவில்லை, தேதி தெரிந்திருந்ததால் போனார். எல்மர் போகிற பிரார்த்தனைக் கூடத்து ஆட்கள், அக்கம்பக்கத்தார், எல்மரின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை என்று ஏகப்பட்ட பேர். அவருக்கு மூன்று பெட்டி தூக்கக் கிடைத்தது. எல்மர் மாப்பிள்ளையிடம், "இவர் இர்வின். என்கூட வேலை பாத்தவர்," என்று சொன்னார். மாப்பிள்ளை மரியாதையாகக் கை குலுக்கினான். வெர்னா சமையலறையிலிருந்து வந்து, அவருடைய மேலங்கியின் காலரைச் சரிசெய்துவிட்டாள். லாரி தெருமுனை திரும்பியதும் எல்லோரும் கலைந்து போனார்கள். இர்வின் காலி வீட்டின் முன்னால் காரை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு வாசலில் நிற்பதற்கு இனி அவருக்குக் காரணமில்லை என்று தோன்றியதும் கிளம்பினார்.

மே மாதம் முதல் கற்றை வந்தது. கட்டுப்பாட்டு அறையில் மாண்ட்ரியல்காரர்கள் தோளோடு தோள் நின்று திரையைப் பார்த்தார்கள். துகள்கள் வந்து சேர்கிற இடங்கள் புள்ளிகளாக விழ விழ, நடுவில் ஊசி போல ஒரு கூம்பு எழுந்தது. எதிர்பார்த்ததைவிட மெலிந்த ஊசி; எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. யாரோ கைதட்டினார்கள். பாலெட் இர்வினைக் கட்டிப்பிடித்தாள். பியர் வந்தது. அவரவர் மனைவிக்கு, கணவனுக்கு, அம்மாவுக்கு என்று தொலைபேசிக்கு வரிசை நின்றது. வரிசை தீர்ந்த பிறகு இர்வின் கிராண்ட் ஃபோர்க்ஸை அழைத்தார்.

"கற்றை வந்துடுச்சா?" என்றார் எல்மர்.

"வந்துடுச்சு."

"அகலம்?"

இர்வின் எண்ணைச் சொன்னார்.

எல்மர் மெதுவாக ஒரு விசில் அடித்தார். "தகடு வேலை செய்யுது. நல்லது. ரொம்ப நல்லது, இர்வின்."

"அங்க எப்படி?"

"செர்ரி பூத்துக் கொட்டிடுச்சு. முட்டி வரைக்கும் புல்லு. வெட்டுறதே பொழப்பா இருக்கு."

இர்வின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டார். கேட்கலாமா என்று யோசித்து, கேட்டுவிட்டார். "ஜூலையில கற்றைய நிறுத்தி வைப்பாங்க. ரெண்டு நாள் வந்துட்டுப் போகலாம்னு நினைச்சேன். இன்னும் யார்கிட்டயும் லீவு கேக்கல. உன்கிட்டதான் முதல்ல கேக்குறேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"வெர்னாகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றார் எல்மர். "மேஜையில வச்சிட்டா. நான் போகணும்."

"போ, போ. ஆறிடும்."

ஜூலை முழுவதும் அந்தத் தொலைபேசி வரவில்லை. இர்வினும் மறுபடி கேட்கவில்லை. கற்றை நின்ற அந்த மூன்று வாரமும் அவர் தினமும் காலையில் கூடத்துக்கு வந்தார். மாணவி ஒருத்தி மட்டும் விடுமுறைக்குப் போகாமல் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த அளவுக்குப் போகலாமா?" என்று அவள் கேட்டபோது இர்வின் "போகலாம்" என்றார். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். காந்தம் தாழ்ந்த குரலில் முனக ஆரம்பித்தது. இரும்பு நிலைகொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காத்திருந்தார்.